இயந்திரம் நின்றுவிட்டால் உள்ளே போவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆள் இல்லாமல் ஓடும் டம்பர், தானே மண் தள்ளும் டோசர், எங்கோ உட்கார்ந்து இயக்கும் பொக்லைன் என்று ஆபத்தான வேலைத்தளங்களுக்கான இயந்திரங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் தவறாமல் படிக்கிறேன். பெரும்பாலும் அவற்றில் இரண்டே கேள்விதான் இருக்கும்: எவ்வளவு வேலை செய்யும், எத்தனை பேருக்கு வேலை போகும். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் கனரக இயந்திரங்களைப் பழுது பார்ப்பதிலேயே காலத்தை ஓட்டியவன் என்ற முறையில் எனக்கு முதலில் தோன்றுவது வேறொரு கேள்வி. அந்த இயந்திரம் ஆபத்தான இடத்துக்கு நடுவில் போய் நின்றுவிட்டால், அதை எடுக்க யார் போவார்கள்? இதை யாரும் கேட்டு நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

இப்படிக் கேட்பதால் நான் இந்த இயந்திரங்களுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ஆபத்தான தளத்தில் ஆபரேட்டர் சீட்டில் மனிதன் உட்காரத் தேவையில்லாத நிலை வர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். அந்த சீட் எவ்வளவு மோசமான இடம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. குவித்து வைத்த நிலக்கரியின் மேல் டோசர் ஓட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குவியலுக்கு அடியில் இருக்கிற திறப்பு வழியாக நிலக்கரி கன்வேயருக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். சில சமயம் மேல்பகுதி இறுகி அப்படியே நிற்க, உள்ளே மட்டும் காலியாகிவிடும். மேலே இருந்து பார்த்தால் நல்ல தரை மாதிரிதான் தெரியும். டோசர் அதன் மேல் ஏறியதும் பொத்தென்று உடைந்து, இயந்திரமும் ஆளும் உள்ளே போய், சுற்றியிருக்கும் நிலக்கரி சரிந்து மூடிவிடும். கேபின் கண்ணாடி அந்த எடையைத் தாங்காவிட்டால் அவ்வளவுதான், மூச்சுக்கு வழியில்லை. இப்படி இறந்த ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கவனக்குறைவாக ஓட்டியவர்கள் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பார்க்க முடியாது.

பள்ளம் தோண்டும் வேலையும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. பக்கச்சுவர் சரிந்து நெஞ்சளவு புதைந்தாலே போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சை இழுக்க நெஞ்சு விரியாது. பெரிய சுரங்கங்களில் ஓடுகிற 300 டன்னுக்கு மேல் பாரம் ஏற்றும் டம்பர்களில் ஓட்டுநர் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், வண்டிக்கு முன்னாலேயே ஒரு ஜீப் நின்றால்கூட அவர் கண்ணுக்குப் படாது. அந்த ஓட்டுநரே இரவு ஷிப்டில் விடியற்காலை நேரத்தில் கண் சொக்கி, பாதையோர மண்மேட்டைத் தாண்டிக் கீழே போவதும் உண்டு. இதில் எல்லாம் மனிதனை வெளியே எடுக்க வழி வந்திருக்கிறது என்றால் அதைத் தடுக்க யாருக்கும் மனசு வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செய்திகளில் எல்லாவற்றையும் ரோபோ என்றே எழுதிவிடுகிறார்கள், ஆனால் இதில் ரகம் ரகமாக இருக்கிறது. ஆபரேட்டர் இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று, இடுப்பில் ரிமோட் பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணால் பார்த்தபடி இயக்குவது ஒன்று. இயந்திரத்தில் கேமராக்களை வைத்து, தொலைவில் ஒரு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குவது இன்னொன்று. இயந்திரமே செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை அறிந்து, ரேடாராலும் லேசராலும் தடைகளைக் கண்டு, தானே ஓடுவது மூன்றாவது. தரைக்கடியில் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காது என்பதால் அங்கே தாது அள்ளும் லோடர்கள் சுரங்கச் சுவரின் வடிவத்தை லேசரால் வருடிப் பார்த்து, கையில் இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டு வழி கண்டுபிடிக்கின்றன. ஒவ்வொன்றும் ஆபத்தை ஒவ்வொரு அளவுக்குத்தான் குறைக்கிறது, அதோடு ஒவ்வொன்றும் நின்றுபோகும் விதமும் வேறு.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த மிகக் கொடுமையான உதாரணம் செர்னோபில். 1986 ஏப்ரல் 26 அன்று அணு உலை வெடித்ததில் உலைக்குள் இருந்த கிராஃபைட் துண்டுகள் பக்கத்துக் கூரைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தள்ள தூரத்திலிருந்து இயக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். நிலவுக்கு அனுப்பிய ஊர்தியின் தொழில்நுட்பத்தில் செய்த ஒன்று, மேற்கு ஜெர்மனியில் வாங்கிய இன்னொன்று, வேறு சிலவும். கொஞ்ச வேலை நடந்தது. அப்புறம் கதிர்வீச்சில் மின்னணுப் பாகங்கள் கெட்டன, இடிபாடுகளில் சக்கரங்கள் சிக்கின, ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் ஈயத் தகடுகளை உடம்பில் கட்டிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு, படைவீரர்கள் கூரையில் ஏறினார்கள். ஒருவருக்கு ஓரிரு நிமிடம், சில இடங்களில் அதுகூட இல்லை. ஓடிப்போய் ஒரு மண்வெட்டி அள்ளிக் கீழே தள்ளிவிட்டு ஓடிவர வேண்டும். 3,000 பேருக்கு மேல் அப்படி ஏறி இறங்கினார்கள். இயந்திரம் செய்யாத வேலையைச் செய்தவர்கள் என்பதால் அவர்களை உயிர் ரோபோக்கள் என்று அழைத்தார்கள். ஆசிரியர் அவர்களே, அந்தப் பெயரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு அனுபவமும் உண்டு, அதைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும். ஜப்பானில் உன்சென் எரிமலை. 1991 ஜூன் 3 அன்று கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த மேகம் மலைச்சரிவில் பாய்ந்து வந்து 43 பேரைக் கொன்றது. அதன் பிறகும் எரிமலை அடங்கவில்லை, சரிவில் குவிந்து கிடந்த சாம்பலும் பாறையும் ஒவ்வொரு மழைக்கும் சேறாகி ஊரை நோக்கி வந்தன. அவற்றை அள்ளியே ஆக வேண்டும், தடுப்பணை கட்டியே ஆக வேண்டும், ஆனால் ஆளை அனுப்ப முடியாது. ஜப்பான் அரசின் கட்டுமான அமைச்சகம் அப்போது நிறுவனங்களிடம் கேட்டது என்னவென்றால், பெரிய பாறைகளை உடைக்கவும் அள்ளவும் வேண்டும், குறைந்தது 100 மீட்டர் தள்ளியிருந்து இயக்க முடிய வேண்டும் என்பதுதான். 1990களின் நடுவிலிருந்து பொக்லைன், டோசர், டம்பர் எல்லாம் சேர்ந்து, உள்ளே ஆளே இல்லாமல் அங்கே வேலை செய்தன. பிறகு கான்கிரீட் தடுப்பணைகளையும் அதே முறையில் கட்டினார்கள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்து, கதிர்வீச்சு ஏறிய இடிபாடுகள் வளாகமெங்கும் சிதறியபோது, தொலைவிலிருந்து இயக்கும் பொக்லைன்களைச் சீக்கிரமே இறக்க முடிந்ததற்குக் காரணம், எரிமலைச் சரிவில் பல வருடம் பழகிய ஆட்களும் முறைகளும் அந்த நாட்டில் இருந்ததுதான்.

உன்சென் வேலையில் என்னை ஈர்ப்பது, அங்கே 'யாரும் உள்ளே போகக் கூடாது' என்பதுதான் முதல் நிபந்தனையாக இருந்தது. மற்ற எல்லாத் திட்டமும் அதிலிருந்து பிறந்தது. செர்னோபில் கூரையில் அது ஆசையாக இருந்தது, நிபந்தனையாக இல்லை. இயந்திரம் நின்றதும் ஆளை ஏற்றினார்கள்.

இந்த இடத்தில் மெக்கானிக் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விவரம் இருக்கிறது, பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். பெரிய இயந்திரங்கள் பலவற்றில் பார்க்கிங் பிரேக்கை ஸ்பிரிங்தான் பிடித்து வைத்திருக்கும். ஆயில் அழுத்தம் ஏறினால்தான் பிரேக் விடும். ஹோஸ் வெடித்தாலோ எஞ்சின் நின்றாலோ அழுத்தம் போய், பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு, சரிவில் உருண்டு போகாது. ஆனால் அப்படி நின்ற வண்டியை இழுத்து வர வேண்டும் என்றால், முதலில் யாராவது பக்கத்தில் போய், கை பம்ப் வைத்தோ வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தோ, அந்த பிரேக்கை விடுவிக்க வேண்டும். அடுத்து இழுவைக் கம்பியை மாட்ட வேண்டும். அதற்கும் ஆள்தான். ஆக, ஓட்டுநர் இல்லாத இயந்திரம் என்று பெருமையாக இறக்கிவிட்டு, அது சரியப்போகிற பாறைக்குக் கீழே நின்றுபோனால், உள்ளே போகப்போவது மெக்கானிக்கும் அவர் உதவியாளரும். முன்பு ஆபரேட்டர் ஒருவர் கேபினுக்குள், இரும்புக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இப்போது இரண்டு பேர் தலையில் ஹெல்மெட்டோடு வெட்டவெளியில் நிற்கிறார்கள். இது முன்னேற்றமா என்று நீங்களே சொல்லுங்கள். பிரேக்கைத் தூரத்திலிருந்தே விடுவிக்க ஒரு ஏற்பாடு, இன்னொரு இயந்திரம் வந்து தானாகக் கோத்து இழுக்கக்கூடிய ஒரு கொக்கி, இரண்டும் செய்ய முடியாத வேலை இல்லை. வாங்குகிறவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காததால் செய்வதில்லை.

இயந்திரம் நின்ற பிறகு மனிதன் உள்ளே போன கதை சில்க்யாராவில் எல்லோரும் பார்த்தது. 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டில் கட்டிக்கொண்டிருந்த சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். சக்திவாய்ந்த துளையிடும் இயந்திரம் இடிபாட்டுக்குள் குழாயைச் செலுத்திக்கொண்டே போய், இரும்புக் கம்பிகளில் மாட்டி உடைந்தது. உடைந்த பாகத்தைக் குழாய்க்குள் ஊர்ந்து போய் வெட்டி எடுத்ததும் மனிதர்கள், மிச்ச தூரத்தைக் கையால் தோண்டி முடித்ததும் மனிதர்கள். நவம்பர் 28 அன்று 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தோண்டிப் போன அந்தத் தொழிலாளர்களை நாடே கொண்டாடியது, சரிதான், எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தோடு, அவர்கள் உள்ளே போக வேண்டிய நிலை ஏன் வந்தது, இனி அப்படி நடந்தால் எந்த இயந்திரம் தயாராக இருக்கும் என்ற பேச்சும் சேர்ந்து நடந்திருக்க வேண்டும்.

நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று வெடிப்பு நடந்து 29 பேர் உள்ளே அகப்பட்டபோது, நச்சு வாயு காரணமாக மீட்புக் குழு உள்ளே போகவில்லை. ராணுவத்தின் ரோபோ ஒன்றை அனுப்பினார்கள். அது பாதி வழியில் தண்ணீர் பட்டு நின்றுபோனது. நவம்பர் 24 அன்று இரண்டாவது வெடிப்பு. யாரும் பிழைக்கவில்லை. ஆளை அனுப்பாமல் இருந்தது சரியான முடிவு என்பதை அந்த இரண்டாவது வெடிப்பு காட்டியது, அந்த முடிவை எடுத்தவர்கள் குடும்பங்களின் கண்ணீருக்கு முன்னால் நின்று எடுத்திருக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுரங்கத்துக்குள் தண்ணீர் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீர் பட்டால் நிற்கிற இயந்திரம் சுரங்கத்துக்குச் செய்தது இல்லை, வேறு எதற்கோ செய்தது. ஆபத்து வந்த நாளில் எங்கெங்கோ தேடி எடுத்து வருவது இப்படித்தான் முடியும்.

பெரிய அளவில் தானியங்கி டம்பர்கள் ஓடுவது மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களில். ரியோ டின்டோ நிறுவனம் 2008 வாக்கில் அங்கே அவற்றைச் சோதிக்க ஆரம்பித்தது, அதே காலத்தில் சிலி நாட்டில் ஒரு செம்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கொமாட்சு நிறுவன டம்பர்கள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கின. பில்பராவின் வேலைகளைக் கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த் நகரத்தில் உட்கார்ந்து கவனிக்கிறார்கள். தாது ஏற்றிய ரயிலே 2018 முதல் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. பிரமிப்பான விஷயம்தான். அந்த டம்பர்கள் ஒரே தடத்தில் அச்சு பிசகாமல் ஓடுவதால் பாதையில் குழி விழுந்துவிடுகிறது என்று, கொஞ்சம் கொஞ்சம் விலகி ஓடும்படி அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததாம். மனித ஓட்டுநர் யாரும் சொல்லாமலே அப்படித்தான் ஓட்டுவார்.

ஆனால் இவை முதலில் அங்கே போனதன் காரணத்தை யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே மிக ஆபத்தான தளம் என்பதால் போகவில்லை. அங்கே ஆட்கள் கிடைப்பது கஷ்டம், கூலி மிக அதிகம், விமானத்தில் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும், இயந்திரமோ சாப்பாட்டுக்கும் ஷிப்ட் மாற்றத்துக்கும் நிற்காது. கணக்கு சரியாக வந்தது, போனார்கள். பாதுகாப்பும் கூடவே கிடைத்தது, நல்லதுதான். கூலி குறைவாக இருக்கிற இடத்தில், அதாவது மண் சரிந்து ஆட்கள் அதிகம் சாகிற சின்னக் குவாரிகளிலும் பள்ளங்களிலும் கட்டட இடிப்புகளிலும், அதே கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. உயிர் மலிவாக மதிக்கப்படுகிற இடத்துக்கு இயந்திரம் கடைசியாகத்தான் வரும். சந்தை இதைத் தானாகச் சரிசெய்யாது என்பது என் உறுதியான கருத்து. சட்டம்தான் தள்ள வேண்டும்.

அப்படிச் சட்டம் தள்ளியதற்கு பிரேசில் சாட்சி. 2019 ஜனவரி 25 அன்று புருமாதீன்யோவில் சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் அந்தச் சுரங்கத்தின் தொழிலாளர்கள், அவர்கள் சாப்பிடும் உணவகமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே இருந்தன. அதற்குப் பிறகு அதே விதமாகக் கட்டிய அணைகளையெல்லாம் பிரித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆனால் எந்த நேரமும் உடையலாம் என்ற நிலையில் இருக்கிற அணையின் மேல் யாரை ஏற்றிப் பிரிப்பது? அப்படிச் சில அணைகளில் பொக்லைன், டோசர், டம்பர் எல்லாவற்றையும் பல கிலோமீட்டர் தள்ளி நகரத்தில் உட்கார்ந்து இயக்கிப் பிரித்தார்கள். சட்டம் கட்டாயமாக்கியது, ஆளை ஏற்ற முடியாது என்பது நிபந்தனையானது, இயந்திரம் வந்துசேர்ந்தது. 270 பேர் இறந்த பிறகு வந்தது என்பதுதான் வேதனை.

ரிமோட் வந்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கங்களில் கரியை வெட்டிக்கொண்டே போகும் இயந்திரத்துக்கு ரிமோட் வந்தபோது, ஆபரேட்டர் சீட்டைவிட்டு இறங்கினார். நல்லதென்று நினைத்தார்கள். ஆனால் குறுகலான அந்தச் சுரங்கத்தில் அவர் நிற்க இடம் இயந்திரத்தின் பக்கத்தில்தான் இருந்தது. அது திரும்பும்போது சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நசுங்கிப் பல ஆபரேட்டர்கள் இறந்தார்கள். ஆள் நெருங்கினால் இயந்திரம் தானே நிற்கும் கருவியைக் கட்டாயமாக்கி 2015ல் அங்கே விதி வந்தது. சீட்டில் இருந்து எடுத்தால் போதாது, எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம் என்று பல உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

மனித ஓட்டுநரும் தானியங்கியும் ஒரே பாதையில் ஓடுவதும் தனிச் சிக்கல். 2014 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கம் ஒன்றில், புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் வண்டி ஒன்று வந்துகொண்டிருக்க, எதிரே வந்த தானியங்கி டம்பர் சந்திப்பில் திரும்பி அதன் பாதையில் ஏறியது. ஓட்டுநர் ஒதுங்கப் பார்த்தும் மோதிவிட்டது. நல்ல வேளையாகப் பெரிய காயமில்லை. டம்பர் தனக்குக் கொடுத்த பாதையில்தான் போனது. அந்தப் பாதை தண்ணீர் வண்டி ஓட்டியவருக்கு எதிர்பாராததாக இருந்தது, அதுதான் பிரச்சினை. இரண்டு மனித ஓட்டுநர்கள் என்றால் கை காட்டுவார்கள், லைட் போடுவார்கள், முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். இயந்திரத்தின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. அந்த மாநில அரசு 2015ல் தானியங்கி சுரங்க இயந்திரங்களுக்கென்றே ஒரு நடைமுறை விதித்தொகுப்பு வெளியிட்டது, 2017ல் ஐஎஸ்ஓ 17757 என்ற சர்வதேசத் தரநிலையும் வந்தது. இவை இருக்கின்றன என்பதே நம்மில் பல காண்டிராக்டர்களுக்குத் தெரியாது என்பதால் எண்ணோடு எழுதுகிறேன்.

பழுது பார்ப்பவர்களுக்கு இதில் இன்னொரு பயம் உண்டு. சாதாரண இயந்திரத்துக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியும். வேலை தெரிந்த தளங்களில் மெயின் சுவிட்சில் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பார்கள். கடைசி ஆளும் வெளியே வந்து பூட்டைத் திறக்கும்வரை எஞ்சின் ஓடாது. தானியங்கி இயந்திரத்தை இயக்கும் உத்தரவு எங்கிருந்தோ வருகிறது. அங்கே இருப்பவர் திரையில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கிறார், அடியில் படுத்திருக்கிறவரின் கால் அவருக்குத் தெரியாது. மென்பொருளில் 'பழுதுபார்ப்பு நிலை' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. போதாது. இரும்புப் பூட்டு வேண்டும். மின்சாரமும் ஆயில் அழுத்தமும் உண்மையிலேயே துண்டிக்கப்பட வேண்டும். இதில் நான் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன், இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் விட்டுக்கொடுக்கவும் கூடாது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். முழுத் தானியங்கி வரட்டும், அதுவரை பொறுப்போம் என்று சில முதலாளிகள் பேசுகிறார்கள். அதற்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. ஸ்வீடனின் புரோக் நிறுவனம் 1970களிலிருந்தே ரிமோட்டில் இயங்கும் சின்ன இடிப்பு இயந்திரங்களைச் செய்கிறது. கொதிக்கும் உலைகளின் உள்சுவரை உடைக்கவும், இடிந்து விழக்கூடிய கட்டடத்துக்குள் போகவும் அவை போதும். கண்ணிவெடி நிலங்களில் சங்கிலிச் சம்மட்டிகளால் தரையை அடித்துக்கொண்டே போகும் ரிமோட் இயந்திரங்களைக் குரோவேஷியாவின் டோக்-இங் நிறுவனம் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. அங்கேயும் இயந்திரம் போன பிறகு மனிதர்களோ மோப்ப நாய்களோ போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். இலங்கையின் வடக்கில் அந்த வேலையை முட்டிபோட்டு, அங்குலம் அங்குலமாகச் செய்தவர்களில் பலர் பெண்கள், அவர்களை இந்த நேரத்தில் வணக்கத்தோடு நினைக்கிறேன். நான் சொல்ல வருவது, இப்போது இருக்கிற பொக்லைனிலேயே ரிமோட் பாகங்களைப் பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது. மேலே கல் தொங்குகிற முகப்பில், வெடிக்காமல் வெடிமருந்து தங்கிவிட்ட துளை இருக்கிற இடத்தில், சரிந்த பள்ளத்தின் விளிம்பில், அந்த ஒரு மணி நேர வேலைக்கு மட்டும் ஆபரேட்டர் இறங்கி நின்று இயக்கினாலே எத்தனையோ உயிர் மிஞ்சும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், உண்மை. திரையைப் பார்த்து இயக்கினால் ஆழம் தெரியாது, வண்டி சாய்வதை உடம்பு உணராது, எஞ்சின் திணறுகிற சத்தம் கேட்காது. நல்ல ஆபரேட்டருக்கே பழக நாளாகும். மெதுவாக நடக்கட்டும்.

வேலை போகும் என்ற பயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. போகும். ஒரு ஆள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களைக் கவனிக்க முடியும் என்றால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், இதை மூடி மறைத்துப் பேசுவது தொழிலாளர்களை ஏமாற்றுவது. ஆனால் அந்த அறையில் யார் உட்கார வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. கணினி தெரிந்த புது ஆளைப் பிடித்து மண் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பதைவிட, மண்ணைத் தெரிந்த ஆபரேட்டருக்குத் திரையைச் சொல்லிக்கொடுப்பது சுலபம், பாதுகாப்பும் கூட. பக்கெட் கடிக்கிற விதத்தை வைத்தே அடியில் பாறையா சேறா என்று சொல்கிற ஆட்கள் அவர்கள். முதுகு தேய்ந்து, காது மந்தமாகி, நுரையீரலில் கல்தூசியோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, குலுங்காத ஒரு நாற்காலி கிடைக்கட்டும். பயிற்சிச் செலவை முதலாளி ஏற்க வேண்டும்.

2013 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் பிங்கம் கன்யன் செம்புச் சுரங்கத்தில் ஏறக்குறைய 15 கோடி டன் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. சரிவு நகர்வதை ரேடார் கருவிகள் முன்கூட்டியே காட்டின, நிர்வாகம் அதை நம்பி ஆட்களை வெளியேற்றியது, பிறகு ஆபத்தான பகுதிகளைச் சுத்தம் செய்ய ரிமோட்டில் இயங்கும் இயந்திரங்களை அனுப்பியது. டம்பர்களும் பெரிய பொக்லைன்களும் புதைந்து போயின, பெரும் நஷ்டம். இரும்பு போனால் போகட்டும் என்று விட்டார்கள். எனக்குத் தெரிந்த தளங்களில் மேலே விரிசல் விட்டிருக்கும்போதே, கீழே நிற்கிற வண்டியை ஓடிப்போய் எடுத்து வா என்று சூப்பர்வைசர் கத்துவார், ஓடவும் செய்வார்கள்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1995ஆம் ஆண்டு 176ஆவது உடன்படிக்கை, உயிருக்கு ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் சுரங்கத்தின் எந்த இடத்திலிருந்தும் விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்கிறது. நின்றுபோன இயந்திரத்தை எடுக்க அனுப்பப்படுகிற மெக்கானிக்குக்கும் இந்த உரிமை எழுத்தில் வேண்டும், போக மாட்டேன் என்றதற்காக அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. தானியங்கியோ ரிமோட்டோ, ஆபத்தான இடத்துக்கென்று வாங்கப்படும் எந்த இயந்திரமும், உள்ளே நின்றுபோனால் ஆள் போகாமல் எப்படி வெளியே வரும் என்பதை விற்பவர் தளத்திலேயே செய்து காட்டிய பிறகுதான் வேலைக்கு இறங்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சிக்னலைத் துண்டித்து, சேற்றில் இறக்கி, காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அந்த இயந்திரத்தை அங்கேயே விட்டுவிடப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அதுவும் ஒரு நேர்மையான பதில்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைத்தள விபத்துச் செய்தி வரும்போது, மண் சரிந்தது, இத்தனை பேர் பலி என்பதோடு நிறுத்திவிடாமல், இறந்தவர் என்ன வேலைக்காக அந்த இடத்துக்குள் அனுப்பப்பட்டார் என்பதை உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும். ஓட்டப் போனாரா, பழுது பார்க்கவா, சிக்கியதை எடுக்கவா, அளக்கவா, வெடிமருந்து நிரப்பவா? அனுப்பியது யார்? இந்த விவரம் செய்தியில் தொடர்ந்து வந்தாலே, எந்த வேலைக்கு முதலில் இயந்திரம் வேண்டும் என்பது விதி எழுதுகிற அதிகாரிகளுக்கும், இயந்திரம் செய்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கனரக இயந்திரப் பராமரிப்பில் பணியாற்றிய ஒரு வாசகர்